காணாமற்போன படைவீரர்களைத் தேடித் தரும் டி.பி.ஏ.ஏ.: ஒரு மதிப்பீடு

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் டி.பி.ஏ.ஏ. (போர்க்கைதிகள், காணாமற்போனோர் கணக்கெடுப்பு முகமை) என்ற முகமை இயங்குகிறது. போரில் சிறைப்பட்டு இறந்தவர்கள், போர்க்களத்தில் காணாமற்போனவர்கள் ஆகியோரின் எஞ்சிய எலும்புகளைத் தேடி எடுத்து, அவை யாருடையவை என்று அறிவியல் முறைப்படி நிறுவி, உரிய குடும்பத்திடம் ஒப்படைப்பது அதன் பணி. இரண்டாம் உலகப் போரிலிருந்து வளைகுடாப் போர்கள் வரை இன்னும் கணக்கில் வராத அமெரிக்கப் படையினர் 81,000-க்கும் மேற்பட்டோர். அவர்களில் ஏறத்தாழ 72,000 பேர் இரண்டாம் உலகப் போரில் மறைந்தவர்கள். இந்தச் சேவைக்குக் குடும்பங்கள் ஒரு காசும் செலுத்த வேண்டியதில்லை. விலை இல்லாத ஒன்றை, அதுவும் துக்கத்தோடு தொடர்புடைய ஒன்றை, மதிப்பெண் போட்டு எடைபோடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். விண்ணப்பம், காத்திருப்பு, முடிவு ஆகிய மூன்றும் உள்ள எந்தச் சேவையையும் அதைப் பெறுபவரின் பக்கத்தில் நின்று மதிப்பிடலாம் என்பதும், ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் பொதுப் பணம் செலவாகும் இதைக் கட்டாயம் மதிப்பிட வேண்டும் என்பதும் என் எண்ணம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெயரை உறுதி செய்யும் வரை அதைக் குடும்பத்திடம் சொல்லாத கட்டுப்பாட்டில் இந்த முகமைக்கு இணையாக வேறொன்றைக் காண்பது அரிது. அதன் பெருங்குறை, பலரும் நினைப்பதுபோல், காட்டிலோ மலையிலோ ஆழ்கடலிலோ இல்லை. தேட வேண்டிய அவசியமே இல்லாமல், அரசின் சொந்த மயானங்களில், எண்ணிடப்பட்ட கோப்புகளோடு கிடந்த எலும்புகளைத் திறந்து பார்க்கப் பல பத்தாண்டுகள் தயங்கியதுதான் அந்தக் குறை.

இந்தச் சேவைக்குள் ஒரு குடும்பம் எப்படி நுழைகிறது என்பதை என் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது அருகிலிருந்து பார்த்தேன். அவருடைய அண்ணன் 1950-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் காணாமற்போனவர். முகமையை நேரடியாக அணுகுவதைவிட, காணாமற்போனவர் எந்தப் படையைச் சேர்ந்தவரோ அந்தப் படையின் இறப்புப் பதிவு அலுவலகத்தைத் தொடர்புகொள்வதே முறை. தரைப்படை, கடற்படை, வான்படை, மரைன் படை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம் உண்டு. அங்கிருந்து ஒரு சிறு உறை அஞ்சலில் வருகிறது. அதற்குள் பஞ்சு முனை வைத்த குச்சிகள், ஒப்புதல் படிவம், குடும்ப மரத்தை எழுதுவதற்கான தாள், திருப்பி அனுப்ப இன்னொரு உறை ஆகியவை இருக்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தேய்த்து, உலரவிட்டு, உறையிலிட்டு அனுப்ப வேண்டும். எண்பது வயதைக் கடந்த ஒருவர் யாருடைய உதவியுமின்றிச் செய்துவிடக்கூடிய அளவுக்கு அந்தக் குறிப்புகள் எளிமையாக எழுதப்பட்டிருந்தன. மூதாட்டிக்கு என் உதவி தேவைப்பட்டது குடும்ப மரத்தை எழுதும்போது மட்டும்தான். அதுவும் கை நடுங்கியதால்.

அந்தக் குடும்ப மரம் ஏன் கேட்கப்படுகிறது என்பது தமிழ் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். பழைய எலும்பில் பெரும்பாலும் எஞ்சி நிற்பது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்கிறது. ஆகவே இறந்தவரின் உடன்பிறந்தவர்களும், அவருடைய சகோதரிகளின் பிள்ளைகளும், அந்தச் சகோதரி மகள்களின் பிள்ளைகளும் இதற்குப் பொருத்தமான சாட்சிகள். இறந்தவரின் சொந்த மகனும் மகளும் இந்த ஒரு சோதனைக்குப் பயன்படமாட்டார்கள், ஏனெனில் அவர்களுடைய மைட்டோகாண்ட்ரியா அவர்களின் தாயுடையது. சுருங்கச் சொன்னால், காணாமற்போனவர் யாருக்கெல்லாம் தாய்மாமனோ அவர்களெல்லாம் இதில் முன்னுரிமை பெறுகிறார்கள். தந்தைவழியில் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனையும், இருவழியிலும் வரும் டி.என்.ஏ. சோதனையும் தனியே உண்டு. அவற்றுக்குப் பிள்ளைகளின் மாதிரியும் உதவும். கொரியப் போரில் காணாமற்போனவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடும்ப மாதிரி பெறப்பட்டுவிட்டது என்பது இந்தச் சேவையின் பெரிய சாதனை. இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தவர்களைப் பொறுத்தவரை அந்த விழுக்காடு மிகக் குறைவு. எண்ணிக்கை பெரிது என்பதோடு, ஒரு தலைமுறையே போய்விட்டது என்பதும் அதற்குக் காரணம்.

மாதிரி கொடுத்த குடும்பங்களை முகமை மறந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் ஆண்டுதோறும் குடும்பங்களுக்கான கூட்டங்கள் நடத்தப்படுகின்றன. காலையில் பொதுவான விளக்கம். பிறகு ஒவ்வொரு குடும்பத்தோடும் தனியாக உட்கார்ந்து, அவர்களுடைய உறவினரின் கோப்பைத் திறந்து பேசுகிறார்கள். மூதாட்டியோடு சென்ற கூட்டத்தில், அவருடைய அண்ணனின் பிரிவு எந்த நாளில் எந்த மலைச்சரிவில் இருந்தது என்பதை ஒரு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்கள். அதுவரை அவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் 1950-இல் வீட்டுக்கு வந்த தந்தியில் இருந்த சில சொற்கள் மட்டும்தான். எலும்பு கிடைக்காத குடும்பத்துக்குக்கூட இந்தச் சேவை ஏதோ ஒன்றைத் தருகிறது என்பதை அன்று கண்டேன். ஆனால் "எப்போது?" என்ற கேள்விக்கு அங்கு யாரும் விடை சொல்லவில்லை. பொய்யான நம்பிக்கை தரக்கூடாது என்ற அவர்களுடைய எச்சரிக்கை புரிகிறது. இருந்தாலும் எண்பது வயதைத் தாண்டியவருக்கு "தொடர்ந்து ஆராய்கிறோம்" என்ற பதில் போதாது.

இனி, தேடும் வேலை. வியட்நாம், லாவோஸ் காடுகளில் விமானம் விழுந்த இடங்களில் நடக்கும் அகழ்வின் படங்களைப் பார்த்தால், கீழடிப் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்நியமாகத் தோன்றாது. நூல் கட்டிப் பிரித்த நான்கு மீட்டர் சதுரக் குழிகள், அடுக்கடுக்காகச் சுரண்டப்படும் மண், வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றும் உள்ளூர் மக்கள் என்று எல்லாம் அப்படியே இருக்கும். அந்த மண் முழுவதும் கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் சலிக்கப்படுகிறது. மானிடவியலாளர் அல்லது தொல்லியலாளர் ஒருவர் அகழ்வை நடத்துகிறார். வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்பவர், மருத்துவ உதவியாளர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோர் உடனிருக்கிறார்கள். விமானியின் பாராசூட் கொக்கி, ஆக்சிஜன் குழாயின் துண்டு போன்றவற்றைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் சொல்லும் வல்லுநர் ஒருவரும் இருப்பார். விமானம் விழுந்தபோது விமானி அதற்குள் இருந்தாரா, வெளியே குதித்துவிட்டாரா என்பதை ஒரு துருப்பிடித்த கொக்கியே சொல்லிவிடும் என்பதால் இவருடைய பணி முக்கியமானது. தென்கிழக்காசியாவின் அமில மண் எலும்பைத் தின்றுவிடுகிறது. பல குழிகளில் கடைசியில் கிடைப்பது ஒரு பல் மட்டுமே.

இந்த வேலை உயிர்களையும் வாங்கியிருக்கிறது. 2001 ஏப்ரலில் வியட்நாமின் குவாங் பின் மாகாணத்தில் தேடுதல் குழு சென்ற ஹெலிகாப்டர் மலையில் மோதி, ஏழு அமெரிக்கர்களும் ஒன்பது வியட்நாமியர்களும் இறந்தனர். தன் மண்ணில் பல லட்சம் சொந்தப் போர்வீரர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு நாடு, முன்னாள் எதிரியின் எலும்பைத் தேடத் தன் ஆட்களையும் அனுப்புவதை இந்தச் சேவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடக்கூடாது.

கடலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காணாமற்போனவர்களில் 41,000-க்கும் மேற்பட்டோர் கடலில் மறைந்தவர்களாகக் கருதப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் எட்ட முடியாதவர்கள்.

இந்தியாவுக்கும் இந்தத் தேடலில் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் அசாமிலிருந்து இமயமலையைக் கடந்து சீனாவுக்குச் சரக்கு கொண்டுசென்ற விமானங்கள் பல அருணாசலப் பிரதேச மலைகளில் விழுந்தன. இந்தியாவில் காணாமற்போன அமெரிக்க வான்படையினர் 400-க்கும் மேற்பட்டோர் என்று முகமை கணக்கிடுகிறது. 1944 ஜனவரியில் எட்டுப் பேருடன் மறைந்த ஒரு பி-24 விமானத்தின் சிதைவு 2006-இல் மேல் சியாங் பகுதியில் கண்டறியப்பட்டது. தேடுதல் குழுக்கள் 2008-இல் தொடங்கிய பணி எல்லைப் பகுதியின் அரசியல் நுட்பங்களால் சில ஆண்டுகள் தடைப்பட்டு, 2015-இல் மீண்டும் தொடர்ந்தது. கிடைத்த எச்சங்கள் 2016 ஏப்ரலில் புது தில்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டன. மறு ஆண்டு அந்த விமானத்தின் லெப்டினன்ட் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டின் எச்சம் ஜார்ஜியாவில் உள்ள சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. மலையேறிப் பழகிய உள்ளூர் ஆதி பழங்குடியினரின் உதவி இல்லாமல் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது. இப்போது குஜராத்தில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் இந்தப் பணியில் முகமையோடு இணைந்திருக்கிறது.

சேவையின் உயிர்நாடி ஆய்வுக்கூடம். முதன்மைக் கூடம் ஹவாயில், பேர்ல் ஹார்பரை ஒட்டிய ஹிக்கம் தளத்தில் இருக்கிறது. மற்றொன்று நெப்ராஸ்காவின் ஒஃபட் தளத்தில். டி.என்.ஏ. சோதனை மட்டும் டெலவேர் மாநிலத்தின் டோவரில் உள்ள படைத்துறை ஆய்வகத்தில் நடக்கிறது. ஹிக்கமில் பின்பற்றப்படும் ஒரு நடைமுறை என் மதிப்பில் மிக உயர்ந்தது. எலும்பை ஆராயும் மானிடவியலாளருக்கு, அது யாருடையதாக இருக்கலாம் என்ற ஊகம் முன்கூட்டியே தெரிவிக்கப்படுவதில்லை. அவர் எலும்பை மட்டும் பார்த்து வயது, உயரம், காயங்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். பல் மருத்துவர் தனியாக எழுதுகிறார், டி.என்.ஏ. முடிவு தனியாக வருகிறது, வரலாற்று ஆய்வாளரின் அறிக்கை தனியாக இருக்கிறது. இவை எல்லாம் ஒரே மனிதரைச் சுட்டினால் மட்டுமே பெயர் கையொப்பமாகிறது. எதிர்பார்ப்பு கண்ணை மறைத்துவிடும் என்பதை உணர்ந்து வகுத்த ஒழுங்கு இது.

அந்த ஒழுங்கு சும்மா வந்துவிடவில்லை. 1972 டிசம்பரில் லாவோஸின் பாக்சே அருகே வீழ்த்தப்பட்ட ஏ.சி.-130 விமானம் 1985-இல் அகழப்பட்டபோது, அன்றைய ஆய்வுக்கூடம் சிறு சிறு எலும்புத் துணுக்குகளை வைத்துக்கொண்டு பதின்மூன்று பேரைப் பெயர் சொல்லி அடையாளப்படுத்திவிட்டது. குடும்பத்தார் வெளி வல்லுநர்களைக் கொண்டு அதை ஆராய வைத்தபோது, அவ்வளவு சிறிய துணுக்குகளிலிருந்து அப்படிச் சொல்வதற்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தது. அடையாளம் திரும்பப் பெற வேண்டிய நிலை வந்தது. தவறான எலும்பை ஒரு குடும்பம் அடக்கம் செய்வது காணாமற்போவதைவிடக் கொடுமையானது. இன்றைய கடுமை அந்த அவமானத்திலிருந்து பிறந்தது. அதனாலேயே, ஆய்வு மெதுவாக நடக்கிறது என்று மட்டும் புகார் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

டி.என்.ஏ. கைகொடுக்காத இடத்தில் அவர்கள் கண்ட ஒரு வழி வியப்புக்குரியது. அக்காலத்தில் படையில் சேர்பவர்களுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மார்பை எக்ஸ்-ரே எடுப்பது வழக்கம். அந்தச் சிறிய படச்சுருள்கள் ஆவணக் கிடங்கில் தப்பிப் பிழைத்திருந்தன. எக்ஸ்-ரேயில் நுரையீரலுக்கு மேலே காறை எலும்பும் பதிவாகியிருக்கும். அதன் வளைவும் விளிம்பும் ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆய்வுக்கூடத்தில் உள்ள காறை எலும்பை அதே கோணத்தில் படமெடுத்து, ஆயிரக்கணக்கான பழைய எக்ஸ்-ரேக்களோடு கணினி ஒப்பிடுகிறது. நோயைத் தேடி எடுத்த படம் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு பெயரைத் தேடித் தருகிறது. கொரியப் போர் வீரர்கள் பலர் இவ்வாறு அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

கொரிய எலும்புகளுக்கு இந்த மாற்றுவழி தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு, 1954-இல், வட கொரியாவும் சீனாவும் ஒப்படைத்த உடல்களையும் போர்க்காலக் கல்லறைகளிலிருந்து எடுத்த உடல்களையும் சேர்த்து, அடையாளம் காணப்படாதவை எண்ணூறுக்கும் மேற்பட்டவை. அவை ஹொனலூலுவின் பஞ்ச்போல் தேசிய மயானத்தில் "அடையாளம் தெரியாதவர்" என்று புதைக்கப்பட்டன. புதைப்பதற்கு முன் எலும்புகளைப் பாதுகாக்க அவற்றின் மீது ஃபார்மால்டிஹைடு கலந்த பொடியைத் தூவினார்கள். அன்றைக்கு நல்ல எண்ணத்தோடு செய்த அந்த வேலை எலும்பில் இருந்த டி.என்.ஏ.வைச் சிதைத்துவிட்டது. 2016-இல் டோவர் ஆய்வகம் சிதைந்த துணுக்குகளையும் படிக்கக்கூடிய புதிய வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்த பிறகே அந்தக் கல்லறைகளைப் பெருமளவில் திறப்பதற்கு வழி பிறந்தது. சிறை முகாமில் சக கைதிகளைப் பேணி, 1951 மே மாதத்தில் இறந்த பாதிரியார் எமில் கப்பானுக்கு 2013-இல் மிக உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. அவரைப் பற்றி எழுதாத இதழ் இல்லை. அவருடைய எலும்பு வட கொரியாவில் எங்கோ கிடப்பதாகவே அத்தனை ஆண்டுகளும் கருதப்பட்டது. 2021-இல் பார்த்தால் அவர் பஞ்ச்போலின் பெயரற்ற கல்லறைகளில் ஒன்றில் இருந்தார்.

என் முதன்மைக் குற்றச்சாட்டுக்கு இப்போது வருகிறேன். அதற்குத் தெளிவான சான்று யு.எஸ்.எஸ். ஓக்லஹோமா. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானியத் தாக்குதலில் பேர்ல் ஹார்பரில் கவிழ்ந்த அந்தப் போர்க்கப்பலில் 429 பேர் இறந்தனர். கப்பல் 1943-இல் நிமிர்த்தப்பட்டபோது உள்ளிருந்து எலும்புகள் எடுக்கப்பட்டு ஹவாயின் மயானங்களில் புதைக்கப்பட்டன. 35 பேருக்கு மட்டுமே பெயர் கிடைத்தது. 1947-இல் எஞ்சியவர்களைத் தோண்டி எடுத்து மீண்டும் முயன்றார்கள். அப்போது பல் பதிவேடுகளைக் கொண்டு 27 மண்டையோடுகள் யாருடையவை என்று ஏறத்தாழ நிறுவியும்விட்டார்கள். ஆனால் மண்டையோட்டை மட்டும் தனியே குடும்பத்திடம் கொடுக்க அதிகாரிகள் ஒப்பவில்லை. 1949-இல் அனைவரும் மீட்க இயலாதவர்கள் என்று அறிவிக்கப்பட்டு, கலந்த எலும்புகள் 61 பெட்டிகளில், பஞ்ச்போலின் 46 குழிகளில் புதைக்கப்பட்டன. அந்த 27 பேரின் தாய்மார்கள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். எத்தனை முறை இந்த இடத்தைப் படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

இந்த உறக்கத்தைக் கலைத்தவர் அதிகாரி அல்லர். பேர்ல் ஹார்பரில் உயிர்பிழைத்த கடற்படை வீரர் ரே எமரி. ஓய்வுபெற்ற பிறகு மயானப் பதிவேடுகளையும் பழைய மருத்துவக் கோப்புகளையும் தானே புரட்டி, எந்தக் குழியில் யார் இருக்கக்கூடும் என்று பட்டியலிட்டு, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அவர் தந்த அழுத்தத்தால் 2003-இல் ஒரே ஒரு பெட்டி திறக்கப்பட்டது. ஐந்து பேருடையது என்று கருதப்பட்ட அந்தப் பெட்டியில் ஏறத்தாழ நூறு பேரின் எலும்புகள் இருந்தன. சிக்கல் எவ்வளவு பெரிது என்று அன்றே தெரிந்தும், மற்றவற்றைத் திறக்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2015 ஏப்ரலில்தான் பாதுகாப்புத் துறை ஆணை பிறப்பித்தது. அந்த ஆண்டுக்குள் எல்லாப் பெட்டிகளும் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 13,000 எலும்புகள், ஐயாயிரத்தை ஒட்டிய டி.என்.ஏ. மாதிரிகள், ஆறு ஆண்டு உழைப்பு. 394 பேரில் 361 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. பெயர் காண முடியாத 33 பேர் 2021 டிசம்பர் 7 அன்று மீண்டும் அடக்கம் செய்யப்பட்டனர். எமரி 2018-இல் 97 வயதில் இறந்தார். பத்தில் ஒன்பது பேரை அடையாளம் காணக்கூடிய ஒரு வேலையை, அறிவியல் கைவசம் வந்த பிறகும் ஒத்திப்போட்டிருக்கிறார்கள் என்பதை இந்த எண்களே சொல்கின்றன.

டி.பி.ஏ.ஏ. இந்தத் தாமதம் முழுவதற்கும் பொறுப்பன்று. அது 2015-இல்தான் பிறந்தது. அதற்கு முன் இந்த வேலை பல அமைப்புகளிடையே சிதறிக் கிடந்தது. தலைமைக் குறைபாட்டையும் வேலைப் பிரிவினையில் இருந்த குழப்பத்தையும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2013-இல் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டில் இன்னொன்றும் வெளியானது. ஹவாயில் வீரர்களின் எச்சங்கள் "வந்திறங்குவதாக" நடத்தப்பட்ட விழாக்களில் நிறுத்தப்பட்டிருந்த விமானம் எங்கிருந்தும் வந்ததன்று. இழுத்து வந்து நிறுத்தப்பட்டது. பெட்டிகளுக்குள் இருந்த எச்சங்கள் உண்மையானவை, ஆனால் அவை முன்பே ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டவை. முதிய போர்வீரர்களும் குடும்பத்தாரும் கண்ணீரோடு வணக்கம் செலுத்திய காட்சி அது. இந்த அவமானங்களுக்குப் பிறகே பழைய அமைப்புகள் கலைக்கப்பட்டு டி.பி.ஏ.ஏ. உருவானது, அதன் நடத்தையில் அந்த வகைப் பாசாங்கை நான் காணவில்லை என்பதைப் பதிவு செய்வது நியாயம்.

இருந்தாலும் கல்லறையைத் திறப்பதற்கான விதிகள் இன்னும் கடினமானவை. தனி ஒருவரின் கல்லறையைத் திறக்க, அடையாளம் காணும் வாய்ப்பு ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். பலரின் எலும்புகள் கலந்த கல்லறை என்றால், அதில் இருக்கக்கூடியவர்களில் குறைந்தது அறுபது விழுக்காட்டினரின் குடும்ப மாதிரிகள் முதலில் கையில் இருக்க வேண்டும். புதைத்தவரை மீண்டும் புதைக்காமல் ஆய்வுக்கூடத்தில் காத்திருக்க வைக்கக்கூடாது என்ற காரணம் சரியானதே. ஆனால் அந்த அறுபது விழுக்காட்டை எட்டும் பொறுப்பு நடைமுறையில் யார் தலையில் விழுகிறது? பேர்ல் ஹார்பரில் மூழ்கிய இன்னொரு போர்க்கப்பலான யு.எஸ்.எஸ். அரிசோனாவின் பெயரற்ற கல்லறைகளைப் பொறுத்தவரை, உறவினர்களைத் தேடிப் பிடித்து மாதிரி கொடுக்க வைத்தவர்கள் தன்னார்வலர்கள். தொலைபேசிப் புத்தகமும் பழைய செய்தித்தாளும் வைத்துக்கொண்டு குடிமக்கள் செய்த அந்த வேலையை முகமை தன் சொந்த ஆட்களைக் கொண்டு தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். விதியை வைத்தவரே விதியை நிறைவேற்றவும் உதவ வேண்டும்.

கல்லறையைத் திறப்பது இறந்தவரின் அமைதியைக் குலைப்பதாகும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் நடந்ததை நினைவுபடுத்துவேன். 1984-இல் வியட்நாம் போரின் பெயரறியா வீரர் என்று அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டவர் உண்மையில் 1972-இல் ஆன் லோக் அருகே வீழ்ந்த விமானி மைக்கேல் பிளாஸி. அவர்தான் என்று ஊகிக்க ஆதாரங்கள் முன்பே கோப்பில் இருந்தன. குடும்பத்தார் போராடி, 1998-இல் கல்லறை திறக்கப்பட்டு, டி.என்.ஏ. மூலம் பெயர் உறுதியாகி, செயின்ட் லூயிஸில் வீட்டுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். ஆர்லிங்டனில் அந்த அறை இன்றும் வெறுமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. பெயர் தெரிந்த ஒருவரைப் பெயரற்றவராக வைத்திருப்பதைவிட அதுவே மேல் என்று அந்த நாடு முடிவு செய்தது.

எல்லா நாடுகளும் இதே வழியில் செல்வதில்லை. பிரிட்டனும் அதன் காமன்வெல்த் நாடுகளும் இரு உலகப் போர்களிலும் இறந்தவர்களை விழுந்த மண்ணிலேயே அடக்கம் செய்யும் கொள்கையைக் கடைப்பிடித்தன. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டம் அந்தக் கொள்கையால் உருவானது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த படைவீரர் கல்லறைகள் நல்ல பராமரிப்புக்காக அங்கே ஒன்று சேர்க்கப்பட்டன. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல் என்ற சமத்துவம் அந்தத் தோட்டத்தின் அழகு. வீட்டுக்குக் கொண்டுவருவதே ஒரே சரியான வழி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கொண்டுவருவேன் என்று வாக்களித்த அரசு அந்த வாக்கால் அளக்கப்பட வேண்டும்.

அடையாளம் உறுதியான பிறகு குடும்பம் பெறும் சேவையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படையின் பிரதிநிதி ஒருவர் வீட்டுக்கே வந்து, வரலாறு, அகழ்வு, ஆய்வு முடிவுகள் எல்லாம் அடங்கிய தடித்த அறிக்கையைப் பக்கம் பக்கமாக விளக்குகிறார். எந்த மயானம் என்பதைக் குடும்பமே தேர்ந்தெடுக்கிறது. இறுதிச் சடங்கு முழுப் படை மரியாதையோடு நடக்கிறது. ஒரு படிவம் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பிற்காலத்தில் இதே வீரரின் வேறு எலும்புகள் அடையாளம் காணப்பட்டால் மீண்டும் தெரிவிக்க வேண்டுமா, அல்லது அரசே உரிய முறையில் அடக்கம் செய்துவிடலாமா என்று குடும்பத்திடம் அதில் கேட்கிறார்கள். எலும்புகள் கலந்துபோன இடங்களில் ஒருவர் பல தவணைகளில் திரும்பி வரலாம். சில குடும்பங்கள் எல்லாம் சேரும்வரை காத்திருக்கின்றன; சில குடும்பங்கள் கிடைத்த ஒரு எலும்பைக்கொண்டே சடங்கை முடிக்கின்றன. எந்த முடிவையும் வற்புறுத்தாமல் அந்தக் கேள்வி நாகரிகமாகக் கேட்கப்படுகிறது. பஞ்ச்போலின் பளிங்குச் சுவர்களில் காணாமற்போனவர்கள் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் காணப்பட்டவரின் பெயரருகே வெண்கலத்தில் ஒரு சிறு ரோஜாப் பதக்கம் பதிக்கிறார்கள். பெயர் அழிக்கப்படுவதில்லை.

ஆண்டுக்குக் குறைந்தது 200 பேரை அடையாளம் காணும் திறன் 2015-க்குள் வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்த எண்ணைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு, எட்டாத ஆண்டுகளும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் மிகவும் சரிந்தது. மீட்கக்கூடியவர்கள் என்று முகமையே கருதும் ஏறத்தாழ 38,000 பேரை ஆண்டுக்கு 200 வீதம் கணக்கிட்டால் 190 ஆண்டுகள் ஆகும். வட கொரியாவில் 2005-க்குப் பிறகு கூட்டு அகழ்வு நடக்கவில்லை; 2018-இல் 55 பெட்டிகள் வந்ததோடு அந்தக் கதவும் மூடிக்கொண்டது. அந்தக் கதவு முகமையின் கையில் இல்லை. பஞ்ச்போலிலும் மணிலாவின் அமெரிக்க மயானத்திலும் உள்ள பெயரற்ற கல்லறைகள் அப்படியல்ல. அவற்றின் சாவி அமெரிக்க அரசிடமே இருக்கிறது.

ஆய்வின் நேர்மைக்கும் குடும்பங்களை நடத்தும் பண்புக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். கல்லறைகளைத் திறப்பதில் காட்டும் வேகத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அடுத்த கட்டத்துக்கு என்ன தடை, அது மாதிரியா, பணமா, ஆளா, அயல்நாட்டு அனுமதியா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காணாமற்போனவர்களின் கடைசித் தம்பி தங்கைகள் இருக்கும்போதே இதைச் செய்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் திருமண உறவாலோ அண்டை வீட்டு நட்பாலோ இத்தகைய குடும்பம் ஒன்றை அறிந்திருந்தால், அந்த வீட்டின் மூத்த பெண்களிடம் மாதிரி கொடுத்தாயிற்றா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். படிவம் நிரப்ப அரை மணி நேரம் போதும்.